'எஸ்' போடணுமா, வேண்டாமா? ஆங்கில ஒருமை பன்மை: தண்டையார்பேட்டை மாலை வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில், வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். துறைமுகம் பக்கம் ஆபீஸ் வேலை பார்க்கும் பிள்ளைகள், டெலிவரி ஓட்டுகிறவர்கள், பிள்ளையின் ஹோம்வொர்க்குக்காகத் தானும் படிக்க வரும் அம்மாக்கள், காசிமேட்டில் மீன் வியாபாரம் செய்யும் ஓர் அக்கா. எல்லாருக்கும் நான் 'மிஸ்'. டென்ஸ்தான் பெரிய பூதம் என்று பயந்துகொண்டு வருவார்கள். வந்த பிறகு அதிகம் இடறி விழுவது 'எஸ்' என்ற ஒற்றை எழுத்தில். கேட்ட கேள்விகளைக் கேட்டபடியே இங்கே எழுதி வைக்கிறேன்.

கே: மிஸ், 'டூ'ன்னு சொல்லியாச்சு. ரெண்டுன்னு தெரிஞ்சு போச்சு. அப்புறம் இன்னாத்துக்கு 'டூ பஸ்ஸஸ்'?

நியாயமான கேள்வி. தமிழில் எண்ணைச் சொன்னால் வேலை முடிந்தது. நாலு இட்லி, மூணு டிக்கெட், பத்து ரூபாய். கடையில் போய் 'நாலு இட்லிகள் கொடுங்கள்' என்றால், செய்தி வாசிக்கிறவர் வழிதவறி வந்துவிட்டார் என்று நினைப்பார்கள். இது பேச்சுத் தமிழின் சோம்பல் இல்லை. இலக்கணமே இடம் கொடுத்திருக்கிறது. 'மாடு வந்தது', 'மாடு வந்தன' இரண்டும் சரி. மாடு ஒன்றா பலவா என்பதை வினைச்சொல் காட்டிவிடும். பெயர் அப்படியே நிற்கலாம். நன்னூல் இவற்றைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. நாம் பேசும்போது வினையிலும் அந்த வேறுபாட்டை விட்டுவிடுகிறோம்: 'பத்து மாடு வந்துச்சு.'

ஆங்கிலம் இதில் கறார். எண் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் பெயர் தன் கணக்கைத் தானே காட்டியாக வேண்டும். அதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். பாரிமுனையில் ஒரு க்ளியரிங் ஆபீஸில் இருக்கும் தம்பி சொன்ன கதை இது. மூன்று கண்டெய்னர் துறைமுகத்துக்கு வந்துவிட்டன. அவன் மெயிலில் 'கண்டெய்னர் ஹேஸ் ரீச்ட் போர்ட்' என்று அனுப்பினான். படித்த வெளியூர் ஆள் ஒன்றுதான் வந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு, 'மீதி இரண்டும் எங்கே?' என்று போன் மேல் போன். அரை நாள் போனது. 'கண்டெய்னர்ஸ் ஹேவ்' என்று இருந்தால் அந்தப் பேச்சே எழுந்திருக்காது. நமக்கு அலங்காரமாகத் தெரியும் அந்த எழுத்தை அவர்கள் செய்தியாகப் படிக்கிறார்கள்.

கே: சரி. ஒண்ணுன்னா 'எஸ்' கிடையாது, நிறையன்னா உண்டு. அவ்வளவுதானே?

கிட்டத்தட்ட. ஆனால் ஆங்கிலம் கோடு போடும் இடம் வேறு. ஒரு பக்கம் 'ஒன்று', மறுபக்கம் 'ஒன்று அல்லாத எல்லாம்'. அதனால்தான் பூஜ்யத்துக்கும் பன்மை: 'ஜீரோ மார்க்ஸ்'. ஒன்றரைக்கும் பன்மை: 'ஒன் அண்ட் எ ஹாஃப் அவர்ஸ்'. அரை மணி மட்டும் 'ஹாஃப் அன் அவர்', ஏனென்றால் அதில் ஒரு மணியைத்தான் வெட்டுகிறோம்.

கே: 'ஐ ஹேவ் பைக்', 'ஷீ இஸ் டீச்சர்'. இதுல என்ன தப்பு? எல்லாரும் இப்படித்தானே பேசுறோம்?

இந்தப் பக்கம் முழுவதிலும் ஒரே ஒரு பதிலைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். எண்ணக்கூடிய பொருளின் பெயர் ஆங்கில வாக்கியத்தில் மொட்டையாக நிற்கக் கூடாது. தலையில் தொப்பி வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வால் வேண்டும்.

தொப்பி என்பது 'எ', 'ஆன்', 'தி', 'மை', 'ஹிஸ்', 'திஸ்', 'ஒன்', 'எவ்ரி' போன்றவை. வால் என்பது 'எஸ்'. 'ஐ ஹேவ் எ பைக்': தொப்பி இருக்கிறது. 'தே ரிப்பேர் பைக்ஸ்': வால் இருக்கிறது. 'தே ரிப்பேர்ட் மை பைக்ஸ்': இரண்டும் இருக்கிறது, தடையில்லை. 'ஐ ஹேவ் பைக்' என்பதில் இரண்டும் இல்லை, அதனால் கேட்கிறவர் காதில் அது பாதியில் அறுந்த வாக்கியம். 'ஷீ இஸ் எ டீச்சர்', 'தே ஆர் டீச்சர்ஸ்' என்பதும் அதே கதைதான்.

தண்ணீர், அரிசி, மணல், பணம், நேரம் என்று எண்ண முடியாதவற்றுக்கு இந்தக் கட்டாயம் இல்லை. 'ஐ நீட் வாட்டர்' மொட்டையாகவே சரி. அதுபோல 'பை பஸ்', 'பை ட்ரெயின்', 'அட் ஹோம்', 'இன் பெட்', 'கோ டு ஸ்கூல்' என்று சில தொடர்கள் பழகிப்போய்த் தொப்பியைக் கழற்றிவிட்டன. 'ஐ கம் பை பஸ்' சரி. 'ஐ கம் பை எ பஸ்' என்று எழுதினால்தான் தப்பு. இவற்றுக்குக் காரணம் தேடி மண்டையை உடைக்க வேண்டாம். அடிக்கடி வருபவை கொஞ்சம்தான், வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்துவிடலாம்.

என் வகுப்பில் முதல் மாதம் முழுக்க நான் திருத்துவது இந்த ஒன்றைத்தான். மற்ற தப்புகளைக் காது கேளாதவள் மாதிரி விட்டுவிடுவேன்.

கே: 'ஐ லைக் டாக்'னு சொன்னேன், இன்டர்வியூல சிரிச்சுட்டாங்க. ஏன்?

நாய்க்கறி பிடிக்கும் என்று சொல்லியிருக்கிறீர்கள்.

விலங்கின் பெயரை மொட்டையாக விட்டால் ஆங்கிலம் அதைக் கறியாக்கிவிடும். 'ஐ லைக் சிக்கன்' என்றால் தட்டில் இருப்பது. 'ஐ லைக் சிக்கன்ஸ்' என்றால் கொல்லையில் மேய்வது. பொதுவாக ஒரு வகையே பிடிக்கும் என்றால் வாலைப் போடுங்கள்: 'ஐ லைக் டாக்ஸ்', 'ஐ லைக் மேங்கோஸ்', 'ஐ லைக் ஓல்ட் சாங்ஸ்'.

இதையே திருப்பிப் போட்டும் பார்க்கலாம். 'ஹேர்' என்பது தலைமுடி முழுவதும், எண்ண மாட்டார்கள்: 'ஹெர் ஹேர் இஸ் லாங்.' ஆனால் சாம்பாரில் ஒன்று கிடந்தால் அது 'எ ஹேர்'. 'கிளாஸ்' என்றால் கண்ணாடி என்ற பொருள், 'எ கிளாஸ்' என்றால் டம்ளர், 'கிளாஸஸ்' என்றால் டம்ளர்கள் அல்லது மூக்குக் கண்ணாடி. 'டீ' எண்ணக்கூடாதது என்று புத்தகம் சொல்லும். கடையில் 'டூ டீஸ், ப்ளீஸ்' என்று தாராளமாகக் கேட்கலாம், அங்கே எண்ணுவது கிளாஸைத்தான். ஆக, ஒரு சொல் எண்ணக்கூடியதா இல்லையா என்று சொல்லைப் பார்த்துக் கேட்காதீர்கள். அந்த நேரத்தில் நீங்கள் அதை முழுசாகப் பார்க்கிறீர்களா, துண்டு துண்டாகப் பார்க்கிறீர்களா என்று கேளுங்கள்.

கே: இன்னா மிஸ்ஸு, மீனுக்கு 'எஸ்' கெடையாதுன்ற. எறாவுக்கு மட்டும் போடச் சொல்ற?

அக்காவின் கேள்வி. வியாபாரத்தில் இப்படி ஓரவஞ்சனை பார்த்தால் அவர் விடமாட்டார்.

'ஃபிஷ்' என்பதற்குப் பன்மையும் 'ஃபிஷ்'தான். 'ஒன் ஃபிஷ், டென் ஃபிஷ்.' 'ஷீப்', 'டீர்' எல்லாம் இதே கூட்டம். 'ஃபிஷஸ்' என்று ஒரு சொல் உண்டு. அது வகைகளைப் பேசும்போது வரும். வஞ்சிரம், சங்கரா, வவ்வால், நெத்திலி என்று எத்தனை வகை ஏலத்துக்கு வருகிறது என்று எழுதுகிறவர் 'ஃபிஷஸ்' எழுதலாம். கூடையில் இருக்கும் இருபது சங்கராவுக்கு 'ட்வென்ட்டி ஃபிஷ்' போதும்.

எறா, நண்டு இந்தச் சலுகையில் இல்லை. 'டூ கிலோஸ் ஆஃப் ப்ரான்ஸ்', 'சிக்ஸ் க்ராப்ஸ்'. நண்டு மசாலாவாகிவிட்டால் மட்டும் கோழி மாதிரி ஒருமைக்குத் திரும்பிவிடும்: 'வீ ஹேட் க்ராப் ஃபார் லஞ்ச்.' கிலோவைப் பார்த்தீர்களா? எடையிலும் வால் உண்டு, 'டூ கிலோ' இல்லை. அக்கா இதைக் கேட்டுவிட்டு, 'வெட்டிக் குடுத்தா எஸ்ஸு போயிடும், முழுசா குடுத்தா எஸ்ஸு வரும், அதானே?' என்றார். இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை.

கே: 'வொர்க்'குக்கு எஸ் வராதுன்னு அடிச்சு அடிச்சு சொல்றீங்க. பெரம்பூர்ல 'லோகோ வொர்க்ஸ்'னு ஸ்டேஷனே இருக்கே?

இருக்கிறது, 'கேரேஜ் வொர்க்ஸ்' என்றும் இருக்கிறது. அந்த 'வொர்க்ஸ்' வேறு சொல் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தொழிற்சாலை, பணிமனை என்று அர்த்தம். நீங்கள் வீட்டில், ஆபீஸில் செய்கிற வேலை 'வொர்க்', எண்ண முடியாது. 'ஐ ஹேவ் மெனி வொர்க்ஸ்' என்றால் உங்களுக்கு ஏகப்பட்ட தொழிற்சாலை சொந்தம் என்றுகூட எடுத்துக்கொள்ளலாம். 'ஐ ஹேவ் எ லாட் ஆஃப் வொர்க்' என்று சொல்லுங்கள். எண்ணித்தான் ஆகவேண்டும் என்றால் 'ஜாப்' இருக்கிறது: 'ஐ ஹேவ் த்ரீ ஜாப்ஸ் டு ஃபினிஷ்.'

எஸ் சேர்த்ததும் அர்த்தமே மாறும் சொற்கள் நம் பக்கம் நிறைய. 'குட்' என்றால் நல்ல, 'கூட்ஸ்' என்றால் சரக்கு. கொருக்குப்பேட்டைப் பக்கம் கூட்ஸ் வண்டி பார்க்காமல் யாரும் வளர்ந்திருக்க முடியாது. 'கஸ்டம்' என்றால் வழக்கம், 'கஸ்டம்ஸ்' என்றால் சுங்கம். ராஜாஜி சாலையில் இருப்பது 'கஸ்டம்ஸ்' ஆபீஸ். எஸ்ஸை விழுங்கிவிட்டால் அங்கே சடங்கு சம்பிரதாயம் நடக்கிறது என்று ஆகிவிடும்.

நாம் எஸ்ஸை விழுங்கிய பழைய உதாரணம் ஒன்றும் உண்டு. பெரம்பூர்க்காரர்கள் 'பின்னி மில்' என்றே சொல்லி வந்தது எழுத்தில் 'பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக் மில்ஸ்'. பக்கிங்ஹாம் ஒரு மில், கர்நாடிக் ஒரு மில், ஆக மில்ஸ். வாய்க்கு ஒன்றே போதும் என்று ஊர் முடிவு செய்துவிட்டது.

கே: எண்ண முடியாத சொல்லுன்னு எதையெல்லாம் மனப்பாடம் பண்ணணும்?

நம்மூரில் அடிக்கடி வால் முளைப்பவை இவைதான்: அட்வைஸ், இன்ஃபர்மேஷன், லக்கேஜ், ஃபர்னிச்சர், எக்விப்மென்ட், ஹோம்வொர்க், ட்ராஃபிக். எதற்கும் 'எஸ்' வேண்டாம், 'எ' வேண்டாம். 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். பேசும்போது 'சம் அட்வைஸ்' போதும். லக்கேஜை எண்ண வேண்டுமானால் 'த்ரீ பேக்ஸ்' என்று பையை எண்ணுங்கள்.

'ஸ்டாஃப்' என்பது ஆட்கள் மொத்தம். 'ஒன் ஸ்டாஃப் கேம்' என்பதற்கு 'எ ஸ்டாஃப் மெம்பர் கேம்'. ஆனால் 'ஸ்டாஃப்ஸ்' என்று எழுதுகிற மேனேஜரிடம் போய்ச் சண்டை போடாதீர்கள். அவர் கையில்தான் இன்க்ரிமென்ட் இருக்கிறது.

கே: 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்' சரியா, 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்' சரியா?

இரண்டாவது. எப்போதும் இரண்டாவது.

இதில் தமிழே உங்களுக்குத் துணை நிற்கிறது. 'என் நண்பர்களில் ஒருவன்' என்று எழுதும்போது கள் போட்டுத்தானே எழுதுகிறீர்கள்? கூட்டம் இருந்தால்தான் அதிலிருந்து ஒருவனை எடுக்க முடியும். குழப்பம் வருவது 'என் ஃப்ரெண்டு ஒருத்தன்' என்று பேசுவதால். மனசுக்குள் 'களில்' என்று ஒரு முறை சொல்லிவிட்டு ஆங்கிலத்துக்குப் போங்கள்.

வினைச்சொல் அந்த ஒருவனைப் பார்த்து வரும், கூட்டத்தைப் பார்த்து அல்ல: 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ் இஸ் இன் துபாய்.' 'ஈச்', 'எவ்ரி' இரண்டுக்கும் பின்னால் ஒருமை: 'எவ்ரி ஸ்டூடன்ட் ஹேஸ்'. 'ஆல்' வந்தால் பன்மை.

கே: பத்து ரூபாய்க்கு 'டென் ருபீஸ்'. பத்து ரூபாய் நோட்டுக்கு 'டென் ருபீ நோட்'னு எழுதுறாங்க. எஸ் எங்க போச்சு?

எண்ணும் அளவும் சேர்ந்து இன்னொரு பெயருக்கு முன்னால் அடைமொழியாக நின்றால் வாலை ஒட்ட நறுக்கிவிடுவார்கள். 'டென் ருபீஸ்', ஆனால் 'எ டென்-ருபீ நோட்'. 'ஃபைவ் இயர்ஸ் ஓல்ட்', ஆனால் 'எ ஃபைவ்-இயர்-ஓல்ட் பாய்'. 1856-ல் திறந்த ராயபுரம் ஸ்டேஷனைப் பற்றி 'இட் இஸ் மோர் தேன் 160 இயர்ஸ் ஓல்ட்' என்பீர்கள். அதையே 'எ 160-இயர்-ஓல்ட் ஸ்டேஷன்' என்றால் எஸ் உதிர்ந்துவிடும். 'த்ரீ வீல்ஸ்' இருப்பதால்தான் அது 'த்ரீ-வீலர்'.

உடனே ஒரு டெலிவரி தம்பி கேட்டான்: 'அப்போ மாதவரம் 200 ஃபீட் ரோடு?' பிடித்துவிட்டான். இந்தக் கணக்குப்படி அது '200-ஃபுட் ரோடு' என்றுதான் இருந்திருக்க வேண்டும். ஆனால் ஊர் வைத்த பெயர் வைத்ததுதான். ஆங்கிலக்காரரே வந்து வழி கேட்டாலும் '200 ஃபீட் ரோடு' என்றே சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஆட்டோக்காரருக்குப் புரியாது.

எண் இல்லாமல் வரும் அடைமொழிக்கும் பெரும்பாலும் இதே விதி. பெரம்பூர் ஐ.சி.எஃப். (இன்டக்ரல் கோச் ஃபேக்டரி) 1955-லிருந்து ரயில் பெட்டி ஆயிரக்கணக்கில் செய்துகொண்டிருக்கிறது. ஆனாலும் அது 'கோச் ஃபேக்டரி'. 'கோச்சஸ் ஃபேக்டரி' ஆகவில்லை. ஃபிஷ் மார்க்கெட், டிக்கெட் கவுன்ட்டர், ஷூ ஷாப் எல்லாம் அப்படியே. அடங்காதவை சில உண்டு: ஸ்போர்ட்ஸ் டே, சேவிங்ஸ் அக்கவுன்ட், சேல்ஸ் மேனேஜர். இவை நமக்கு ஏற்கெனவே வாயில் பழகியவை என்பதால் தொல்லை இல்லை.

கூடவே பணத்தில் ஒரு நுணுக்கம். தொகையை ஒரே கட்டாகப் பார்த்தால் பெயர் பன்மை, வினை ஒருமை: 'ஃபைவ் ஹண்ட்ரட் ருபீஸ் இஸ் டூ மச்.' ஐந்நூறு தனித்தனி ரூபாயைப் பற்றி யாரும் புலம்புவதில்லை, அந்த ஒரு தொகையைப் பற்றித்தான் புலம்புகிறோம். ஆட்டோ ஸ்டாண்டில் பயன்படும்.

கே: 'ஒரு லேடீஸ் நிக்கிறாங்க'ன்னு சொல்றோமே, இங்கிலீஷ்ல 'ஒன் லேடீஸ்' தப்பா?

தமிழில் பேசும்போது 'ஒரு லேடீஸ்', 'ஒரு ஜென்ட்ஸ்', 'ஒரு போலீஸ்' எல்லாம் நம் ஊர்ச் சொற்களாகிவிட்டன, யாரும் தடுக்க முடியாது. பஸ்ஸிலும் கழிப்பறைக் கதவிலும் எழுதியிருந்ததைப் பார்த்துப் பழகியதால் எஸ்ஸோடு ஒட்டிப் பிறந்துவிட்டன. ஆங்கிலத்துக்குள் போகும்போது அதைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும்: 'எ லேடி', 'எ மேன்', 'எ போலீஸ் ஆஃபீசர்'. 'போலீஸ்' தனியாக வந்தால் பன்மை: 'தி போலீஸ் ஆர் கமிங்.'

'சில்ட்ரன்ஸ்' பற்றி ஒரு வேடிக்கை. பழைய ஆங்கிலத்தில் குழந்தைக்கு வேறு ஒரு பன்மை இருந்தது. அது பன்மைதான் என்பது மறந்துபோய், அதன் மேலேயே 'அன்' என்று இன்னொரு பன்மையை ஒட்டினார்கள். அப்படி வந்ததுதான் 'சில்ட்ரன்'. ஏற்கெனவே இரண்டு வால். நாம் மூன்றாவது ஒட்டுகிறோம்.

'வுமன்' ஒருத்தி, பலர் என்றால் 'விமன்'. எழுத்தில் மாறுவது கடைசிப் பாதி, காதில் மாறுவது முதல் பாதி. 'ஆக்ஸ், ஆக்ஸன்' பட்டியலை விட்டுவிட்டு இதைப் பழகுங்கள். இத்தனை வருஷத்தில் நான் வகுப்புக்கு வெளியே 'ஆக்ஸன்' என்று சொன்னதே இல்லை.

கே: வண்ணாரப்பேட்டைக்கு 'வாஷர்மேன்பேட்'னும் போடுறாங்க, 'வாஷர்மென்பேட்'னும் போடுறாங்க. எது கரெக்ட்?

கடைப் பலகைகளில் இரண்டும் பார்த்திருக்கிறேன், சில சமயம் அடுத்தடுத்த கடைகளிலேயே. 'மேன்' ஒருமை, 'மென்' பன்மை. துணி வெளுப்பவர்கள் பலர் வாழ்ந்த பேட்டை என்பதால் 'மென்' என்று வாதாடலாம். 'கோச் ஃபேக்டரி' மாதிரி அடைமொழி ஒருமையில்தான் நிற்கும், ஆகவே 'மேன்' என்றும் வாதாடலாம். ஊர்ப்பெயருக்கு இலக்கணம் பார்க்கிறவர் யாரும் இல்லை. விண்ணப்பம் எழுதும்போது உங்கள் ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள்.

கே: 'மை மதர், தே டோல்ட் மீ'ன்னு சொன்னா ஏன் திருத்துறீங்க? மரியாதையா சொல்லக் கூடாதா?

'அம்மா சொன்னாங்க' என்பதை அப்படியே தூக்கிக் கொண்டுபோகிறோம். நமக்கு அந்த 'ஆங்க' மரியாதையும் பன்மையும் சேர்ந்தது. ஆங்கிலத்தில் 'தே' என்றால் கேட்கிறவர் 'அம்மாவோடு வேறு யார் வந்தது?' என்று தேடுவார். 'ஷீ' என்று சொல்வது அம்மாவை 'அவ' என்று சொல்வது ஆகாது. பயப்பட வேண்டாம்.

ஆனால் ஆங்கிலமும் ஒரு காலத்தில் இதையே செய்தது. ஒருவரை 'தௌ', பலரை 'யூ'. பிறகு மரியாதைக்காக ஒருவரையே 'யூ' என்று கூப்பிட ஆரம்பித்து, கடைசியில் 'தௌ' வழக்கொழிந்தே போனது. எதிரில் ஒரே ஆள் நின்றாலும் 'யூ ஆர்' என்கிறோமே, அந்த 'ஆர்' நம் 'நீங்க' மாதிரிதான். யார் என்று தெரியாத ஒருவருக்கு 'தே' போடுவதும் உண்டு: 'சம்ஒன் லெஃப்ட் தேர் போன்.' இது நேற்று வந்த பழக்கம் இல்லை, 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே எழுத்தில் இருக்கிறது.

கே: 'எல்லாரும் கையைத் தூக்குங்க' – 'ரெய்ஸ் யுவர் ஹேண்ட்'டா, 'ஹேண்ட்ஸ்'ஸா?

'ஹேண்ட்ஸ்'. ஆளுக்கு ஒரு கைதான், ஆனால் மொத்தம் எத்தனை கை என்று ஆங்கிலம் பார்க்கிறது. 'பேஸஞ்சர்ஸ் மஸ்ட் ஷோ தேர் டிக்கெட்ஸ்.' ஆளுக்கு ஒன்றுதான் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டிய இடத்தில் 'ஈச் பேஸஞ்சர் மஸ்ட் ஷோ எ டிக்கெட்' என்று மாற்றிவிடுங்கள், சந்தேகம் தீர்ந்தது.

கே: 'எனி'க்குப் பின்னாடி என்ன வரும்? 'எனி பஸ்'ஸா, 'எனி பஸ்ஸஸ்'ஸா?

இரண்டும் வரும், அர்த்தம் வேறு. திருவொற்றியூர் போக வழி கேட்கிறவரிடம் 'டேக் எனி பஸ் ஃப்ரம் ஹியர்' என்றால் எந்த பஸ்ஸானாலும் ஏறலாம். 'ஆர் தேர் எனி பஸ்ஸஸ் நவ்?' என்றால் இந்நேரத்துக்கு பஸ் ஏதாவது இருக்கிறதா என்று அர்த்தம்.

இன்டர்வியூவில் 'டூ யூ ஹேவ் எனி பிரதர்ஸ்?' என்பார்கள், ஏனென்றால் ஒன்றும் இருக்கலாம், நாலும் இருக்கலாம். 'டூ யூ ஹேவ் எ லைசென்ஸ்?' என்பார்கள், ஏனென்றால் ஆளுக்கு ஒன்றுதான் இருக்கும். வழக்கமாக எத்தனை இருக்குமோ அதை வைத்துக் கேள்வி அமைகிறது. அண்ணன் தம்பியே இல்லாவிட்டாலும் பதில் 'நோ பிரதர்ஸ்'.

கே: 'டூ ஹண்ட்ரட்ஸ்', 'டூ டஜன்ஸ்' எல்லாம் சொல்லலாமா?

முன்னால் எண் இருந்தால் ஹண்ட்ரட், தௌசண்ட், டஜன் மூன்றுக்கும் வால் இல்லை: 'டூ டஜன் எக்ஸ்.' எண் இல்லாமல் 'நூற்றுக்கணக்கில்' என்று சொல்லும்போது வரும்: 'ஹண்ட்ரட்ஸ் ஆஃப் பீப்பிள்.' லட்சத்துக்கு 'ஃபைவ் லேக்', 'ஃபைவ் லேக்ஸ்' இரண்டும் நம் நாட்டில் ஓடுகிறது.

கேரம் ஆடுகிற பெண் ஒருத்தி இதோடு சேர்த்துக் கேட்டாள். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் நம் வடசென்னைப் பெண் காசிமா மூன்று தங்கம் வாங்கினாரே, அதை எப்படி எழுதுவது? 'ஷீ வன் கோல்ட்' என்றால் எத்தனை என்று தெரியாது. 'ஷீ வன் த்ரீ கோல்ட் மெடல்ஸ்' என்று எழுதுங்கள். அந்த மூன்றில் ஒன்றைக்கூட விழுங்க நமக்கு உரிமை இல்லை.

கே: 'பேண்ட்'னு சொல்றது தப்பா?

ஆங்கிலத்தில் இரண்டு கால் இருக்கிற உடுப்பு எல்லாம் பன்மை: பேண்ட்ஸ், ஜீன்ஸ், ஷார்ட்ஸ். கத்தரிக்கோலும் 'சிஸர்ஸ்'. எண்ண வேண்டுமானால் 'எ பேர் ஆஃப்' சேர்க்க வேண்டும். ஆனால் இங்கிலாந்தில் 'பேண்ட்ஸ்' என்றால் உள்ளாடை. அங்கே போகிறவர்கள் 'ட்ரௌசர்ஸ்' என்று சொல்லிப் பிழைத்துக்கொள்ளுங்கள்.

கே: கண்ணீர் அஞ்சலி போஸ்டர்ல கீழே இங்கிலீஷ்ல ஒரு வரி போடணும். 'அவர் டீப் கண்டோலன்ஸ்' சரியா?

'கண்டோலன்ஸஸ்'. வாழ்த்து, நன்றி, இரங்கல் எல்லாம் ஆங்கிலத்தில் கும்பலாகத்தான் வரும்: கங்ராஜுலேஷன்ஸ், தேங்க்ஸ், பெஸ்ட் விஷஸ், ரிகார்ட்ஸ். 'கங்ராஜுலேஷன்' என்று ஒன்றே ஒன்று சொன்னால் கஞ்சத்தனம் மாதிரி இருக்கும். மெயில் கடைசியில் 'ரிகார்ட்ஸ்'. நடுவில் 'வித் ரிகார்ட் டு' என்று வந்தால் அது 'குறித்து' என்ற வேறு அர்த்தம், அங்கே எஸ் வேண்டாம்.

கே: எழுதும்போது எஸ் போட்டுடறேன். பேசும்போது காணாமப் போயிடுது.

தமிழில் 'ஸ்' என்று சொல் முடிவது கிடையாது, நாக்கு அங்கே நிற்கப் பழகவில்லை. அடுத்த சொல்லோடு ஒட்டிச் சொல்லிப் பாருங்கள்: 'டூ பைக்ஸ் ஆர்' என்பதை 'டூ பைக் ஸார்' என்று உருட்டினால் எஸ் விழாது. 'பஸ்', 'பாக்ஸ்', 'கோச்' போன்றவற்றுக்கு ஓர் அசை கூடும்: பஸ்-ஸஸ், பாக்-ஸஸ், கோச்-சஸ். 'டாக்ஸ்' என்பதில் வண்டு மாதிரி ஓர் அதிர்வு வரவேண்டும் என்பார்கள். வராவிட்டால் பரவாயில்லை. எஸ் காதில் விழுகிறதா என்பதுதான் எனக்கு முக்கியம்.

கே: இதையெல்லாம் கத்துக்கிட்டு, பஸ்ல 'ரெண்டு டிக்கெட்ஸ்'னு கேட்டேன். கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார். அதுவும் தப்பா?

தப்புதான். தமிழில் கேட்கும்போது 'ரெண்டு டிக்கெட்'.